தோட்டாப் பெட்டி நகலில் கண்ணை உறுத்துவது எது? குறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இரண்டாம் உலகப் போர்க் காட்சிக்கு ஒரு தோட்டாப் பெட்டி செய்து முடித்துவிட்டீர்கள். அளவு சரி, நிறமும் ஏறக்குறைய சரி, எழுத்தும் அடித்தாயிற்று. ஆனாலும் விஷயம் தெரிந்தவர் பத்தடி தள்ளி நின்றே "இது புதுசு" என்று சொல்லிவிடுகிறார். எது காட்டிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் பெட்டியில் தெரியும் குறையைக் கீழே தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு 1944 வாக்கில் அமெரிக்கக் காலாட்படை வைத்திருந்த இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, .30 காலிபர் (குழலின் உள்விட்டம் 0.30 அங்குலம்) ரைஃபிள் தோட்டா வந்த மரப்பெட்டி. இன்னொன்று, இயந்திரத் துப்பாக்கிக்கான எம்1 இரும்புப் பெட்டி. பிரிட்டிஷ், ஜெர்மன் பெட்டிகளுக்கும் முறை இதேதான், விவரம்தான் மாறும். பேசுவது காலிப் பெட்டிகளையும் மரத்தில் செய்த போலித் தோட்டாக்களையும் பற்றி மட்டுமே.

தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பெட்டி எந்த ஆண்டில், எந்தப் படையிடம், எந்தத் துப்பாக்கிக்காக இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல், பெட்டிக்குத் தேதி இல்லாமல் வேலையை ஆரம்பித்ததால் வருபவைதான்.

குறை: எழுத்து கம்ப்யூட்டரில் அடித்ததுபோல இருக்கிறது

அடிக்கடி பார்க்கும் தப்பு இது. காரணம் பெரும்பாலும் எழுத்துரு. கம்ப்யூட்டரில் 'ஸ்டென்சில்' என்ற பெயரிலேயே ஓர் எழுத்துரு கிடைக்கும். தடித்த கோடு, நுனியில் கொம்பு, சினிமா போஸ்டர் மாதிரி இருக்கும். அது 1937-இல் அச்சுத் தொழிலுக்காக வரைந்த வடிவம். அந்த ஆண்டைப் பார்த்துவிட்டுப் போர்க்காலத்துக்குப் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். கிடங்குகளில் பெட்டிமேல் அடித்தது கொம்பில்லாத, ஒரே தடிமனுள்ள, நெடுக்கான எழுத்து. எண்ணெய் ஊறிய அட்டையில் கை எந்திரத்தால் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி எடுத்த ஸ்டென்சில் அது.

எழுத்துருவை மாற்றியும் உறுத்தினால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில், 'ஓ', 'ஏ', 'பி' போன்ற ஆங்கில எழுத்துகளின் நடுத்துண்டைப் பிடித்து நிறுத்தும் பாலம் இருக்கிறதா? வினைல் ஸ்டிக்கரில் வெட்டினால் பாலமே தேவைப்படாது. அதனால்தான் ஸ்டிக்கர் வேலை உடனே மாட்டிக்கொள்கிறது. அடுத்து, எழுத்துகளுக்கு இடையே உள்ள தூரம். எந்திரத்தில் 'ஐ'-க்கும் 'எம்'-முக்கும் கிட்டத்தட்ட ஒரே இடம் கிடைக்கும், கம்ப்யூட்டர்தான் அழகாக நெருக்கிவைக்கும். மூன்றாவதாக, வரியின் நேர்மை. ஸ்டென்சிலைக் கையில் பிடித்து வரிசையாக அடித்தவனுக்கு நூல் பிடிக்க நேரம் இல்லை. ஒரு வரி லேசாகச் சாய்ந்திருப்பதுதான் இயல்பு. ஆனால் வேண்டுமென்றே கோணலாக அடிக்காதீர்கள், அது இன்னும் போலியாகத் தெரியும். வேகமாக அடியுங்கள், சாய்வு தானாக வரும்.

குறை: எழுத்தின் ஓரம் கசிந்து முடி முடியாகப் பரவுகிறது

பைன் மரத்தில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். நார் பெயின்ட்டை உறிஞ்சி நீளவாக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. பலகைக்குச் சாயம் போட்டுக் காய்ந்ததும், எழுத்து வரும் இடத்தில் மட்டும் சீலரோ, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோ மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். பிறகு தட்டையான முனையுள்ள ஸ்டென்சில் பிரஷ்ஷில் பெயின்ட் தொட்டு, பழைய செய்தித்தாளில் குத்திக் குத்திப் பாதியை எடுத்துவிட்டு, பலகைமேல் செங்குத்தாகக் குத்துங்கள். இழுக்கவே கூடாது. ஒரே தடவையில் முழு நிறம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் கசிவு நிச்சயம்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? நன்றாகக் காயவிட்டு, கத்தியின் முதுகால் நாரோடு போகும் திசையில் சுரண்டி, அந்த இடத்தில் மட்டும் சாயத்தைத் தொட்டுவையுங்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் பெயின்ட் கறை மரத்துக்குள்ளே இறங்கிவிடும், அப்புறம் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

குறை: எழுத்து ஒன்று சொல்கிறது, உள்ளே வேறு இருக்கிறது

பொதுமக்களில் நூறு பேருக்கு இது தெரியாது. நூற்று ஒன்றாவது ஆள் வந்துவிட்டால் மொத்தக் காட்சியின்மேலும் சந்தேகம் வந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம்.

எம்1 கேரண்ட் ரைஃபிளுக்குத் தோட்டா எட்டெட்டாகக் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு தகட்டுப் பிடி) வந்தது. தோளில் மாட்டும் துணிப்பட்டையில் ஆறு பை, பைக்கு ஒரு கிளிப். ஆக, ஒரு பட்டைக்கு 48 தோட்டா. ஒரு மரப்பெட்டியில் 28 பட்டை, மொத்தம் 1344 தோட்டா. பெட்டிமேல் அடிக்கும் எண் இதுதான். பழைய ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளுக்கு ஐந்து தோட்டா கிளிப், பைக்கு இரண்டு, பட்டைக்கு 60. இப்போது ஒரு பெட்டிமேல் 'எட்டுத் தோட்டா கிளிப்' என்று அடித்துவிட்டு மேலே ஐந்து தோட்டா கிளிப்பைப் பரப்பிவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தையில் ஐந்து தோட்டா கிளிப் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது நிறப்பட்டை. அமெரிக்கப் பெட்டிகளில் எழுத்தோடு வண்ணக்கோடும் இருக்கும், எழுத்தைப் படிக்க நேரமில்லாதவன் நிறத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ள. சாதாத் தோட்டாவுக்குச் சிவப்பு. கவசம் துளைக்கும் தோட்டாவுக்கு மஞ்சள்மேல் நீலம். பாயும் தடத்தை ஒளியாகக் காட்டும் டிரேசருக்கு மஞ்சள்மேல் பச்சை. தோட்டாவின் முனைக்குத் தனிக் கணக்கு: கவசம் துளைப்பதற்குக் கறுப்பு முனை, டிரேசருக்குச் சிவப்பு முனை, சாதாவுக்கு நிறமே இல்லை. பெட்டியில் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு போலித் தோட்டாவின் முனைக்கும் சிவப்பு அடிப்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கோட்டில் சிவப்பு என்றால் சாதா, முனையில் சிவப்பு என்றால் டிரேசர்.

எதை வைப்பது என்று குழப்பமாக இருந்தால் என் ஓட்டு கறுப்பு முனைக்கு. பெயர் பயமாக இருந்தாலும் கவசம் துளைக்கும் எம்2 தோட்டாதான் போரின் பிற்பகுதியில் சாதாரண ரைஃபிள்காரனுக்கும் பரவலாகப் போனது. பார்வையாளர் "ஏன் கறுப்பு?" என்று கேட்பார், விளக்குபவருக்குப் பேச ஒரு நூல் கிடைக்கும்.

கடைசியாக லாட் எண், அதாவது தோட்டா எந்த ஆலையில் எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண். அதன் முன்னால் வரும் இரண்டு மூன்று எழுத்துகள் ஆலையின் பெயர்ச் சுருக்கம். மிசோரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆலைக்கு 'எல்சி', பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலைக்கு 'எஃப்ஏ'. லேக் சிட்டி தொடங்கியதே 1941-இல்தான். 'எல்சி' போட்டு 1939 என்று தேதி அடித்த நகலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

குறை: பச்சை ரொம்பப் பச்சையாக இருக்கிறது

கடையில் 'மிலிட்டரி கிரீன்' என்று கேட்டு வாங்கினால் கிடைப்பது கிரிக்கெட் மைதானம். போர்க்கால ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சை அடிப்படையில் மஞ்சள் காவியும் கறுப்பும் சேர்ந்தது. இரண்டும் கலந்தால் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும், ஆனால் அடியில் பழுப்பு இருக்கும். எனவே பச்சை டப்பாவை வாங்கி அதை மங்கவைக்கப் பார்க்காதீர்கள். மஞ்சள் காவியில் தொடங்கி, கறுப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வாருங்கள். ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தீற்றிக் காயவிட்டு, வெளியே வெயிலில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

பளபளப்பும் கூடாது. எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட் போதும்.

இணையத்தில் நிற எண் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலரும் கொடுக்கும் அந்த ஐந்து இலக்க அமெரிக்க எண்முறை வெளிவந்தது 1956-இல். போர்க்காலப் பெட்டிக்கு அந்த எண் ஒரு நெருங்கிய மதிப்பீடு, அவ்வளவுதான்.

ஜெர்மன் பெட்டி என்றால் இன்னொரு பொறி உண்டு. 1943 பிப்ரவரியில் அவர்களுடைய அடிப்படை நிறமே அடர் சாம்பலிலிருந்து மங்கல் மஞ்சளுக்கு மாறியது. 1940 பிரான்ஸ் காட்சியில் மஞ்சள் பெட்டி இருந்தால் அது தப்பு. 1944 காட்சியில் சாம்பல் பெட்டி இருந்தால் பழைய கையிருப்பு என்று சமாளித்துக்கொள்ளலாம்.

குறை: வாங்கிய இரும்புப் பெட்டி காலம் தப்பித் தெரிகிறது

உண்மையான ராணுவ உபரிப் பெட்டி மலிவாகக் கிடைத்தது, புதிதாக அடிப்பானேன் என்று வாங்கியிருப்பீர்கள். பிரச்சினை என்னவென்றால், இன்று பரவலாகக் கிடைப்பவை பெரும்பாலும் எம்19ஏ1, எம்2ஏ1 என்ற வகைகள். இரண்டும் போருக்குப் பிந்தியவை.

கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியில் '7.62' என்ற தோட்டா அளவு இருந்தால் அது 1954-க்குப் பிறகு. வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ குறி இருந்தாலும் அப்படியே, நேட்டோ பிறந்ததே 1949-இல். பதின்மூன்று இலக்கச் சரக்கு எண் இருந்தால் 1974-க்குப் பிறகு. ஆரஞ்சு நிறச் சாய்சதுர அபாய ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எம்1 பெட்டி 250 தோட்டா கொண்ட துணி பெல்ட்டுக்காகச் செய்தது. அதன் பக்கவாட்டில் காலிபரும் 'அம்யூனிஷன் பாக்ஸ்' என்ற சொல்லும், தீச்சுடர் கக்கும் குண்டுச் சின்னமும் தகட்டிலேயே புடைப்பாக அழுத்தப்பட்டிருக்கும். பெயின்ட் எவ்வளவு போனாலும் அந்தப் புடைப்பு போகாது. பிந்தைய பெட்டியின்மேல் ஸ்டென்சில் அடித்து இதைப் போலி செய்யமுடியாது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் எழுத்தை வெட்டி, எபாக்ஸியில் ஒட்டி, ஓரத்தைப் பட்டியால் மழுங்கடித்து, மேலே பெயின்ட் அடித்தால் மூன்றடி தூரத்துக்குத் தாங்கும். கையில் எடுத்துப் பார்க்கும் காட்சி என்றால், பணத்தைச் சேர்த்து ஓர் அசல் எம்1 பெட்டி வாங்கிவிடுவதே உத்தமம். அதற்கும் மனமில்லை என்றால் பெட்டியைத் துணிக்கடியில் பாதி மறைத்து வையுங்கள், அதுவும் ஒரு வழிதான்.

குறை: இரும்பில் அடித்த பெயின்ட் தோலாக உரிகிறது

நகத்தால் சுரண்டினால் தாளாக வருகிறதா? அடியில் இருப்பது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு, இல்லாவிட்டால் பவுடர் கோட்டிங். இரண்டிலும் சாதா பெயின்ட் ஒட்டாது. உரிவதை முழுக்க எடுத்துவிட்டு, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, உலோகத்தில் பிடிப்புத் தரும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகுதான் நிறம்.

அசல் போர்க்காலப் பெட்டி என்றால் மட்டும் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த தூசி நுரையீரலுக்குள் போகும். அதோடு அந்தப் பெயின்ட்தான் பெட்டியின் மதிப்பே. ஈரத்துணியால் துடைத்து அப்படியே வைப்பது நல்லது.

குறை: மூடி வளைகிறது, பலகை பிளக்கிறது

ஈர மரம். மழைக்காலத்தில் மரக்கடையிலிருந்து வந்த பலகையை மறுநாளே ஆணி அடித்தால் ஏ.சி. ஹாலில் போய் வளையத்தான் செய்யும். பலகையைக் காட்சி நடக்கும் இடத்திலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஒன்றிரண்டு வாரம் பழகவிடுங்கள். சாயத்தையும் சீலரையும் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ஒரே அளவு அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரத்தை வாங்கும், மறுபக்கம் வாங்காது. மூடிக்கு அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு கட்டாயம்.

ஆணி அடிக்கும்போது பிளந்தால், ஆணியைத் தலைகீழாக வைத்து முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மழுக்குங்கள். கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். பழைய ஆசாரிகளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

பேக்கிங் பேலட்டை உடைத்து எடுத்த பைன் பலகை இதற்கு நல்ல சரக்கு, விலையும் குறைவு. ஆனால் அதில் கதிர் படமும் 'எச்.டி.' என்ற எழுத்தும் சூட்டுக்கோலால் குத்தியிருக்கும். சர்வதேசச் சரக்கு மரத்துக்கான இந்த முத்திரை விதி 2002-இல்தான் வந்தது. முத்திரை விழுந்த துண்டை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பாகத்தில் உள்நோக்கித் திருப்பிப் போடுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வெளியே தெரியும் எந்த இடத்திலும் போடாதீர்கள். அந்தக் காலத்தில் அது கிடையாது, அதன் ஓரமும் காட்டிக்கொடுக்கும்.

திருகாணிக்கும் ஒரு வார்த்தை. கூட்டல்குறித் தலையுள்ள பிலிப்ஸ் திருகு 1930-களிலேயே வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் பெட்டியில் ஒற்றைக் கோட்டுத் தலைதான் பொருந்தும். திருகு என்றதும் 1879-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த இசான்டில்வானா போர் ஞாபகம் வராமல் இருக்காது. மூடியில் திருகு இருந்ததால்தான் பிரிட்டிஷ் படைக்குத் தோட்டா கிடைக்காமல் போய் ஜூலுக்களிடம் தோற்றார்கள் என்ற கதை இன்றும் ஓடுகிறது. அந்தப் பெட்டியின் சறுக்கு மூடியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகு. அவசரத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு இடி இடித்தாலே மூடி கழன்றுவிடும். பெட்டி செய்து பார்த்தவர் எவரும் அந்தக் கதையை நம்பமாட்டார்.

குறை: பழசாக்கியும் பழசாகத் தெரியவில்லை

எல்லா மூலையையும் ஒரே மாதிரி தேய்த்திருப்பீர்கள். 1944-இல் போர்முனையில் இருந்த பெட்டிக்கு வயது சில மாதங்கள்தான். அது பழசாக இருக்காது, அடிபட்டிருக்கும், அழுக்காக இருக்கும். எண்பது வருடம் கொட்டகையில் கிடந்த பெட்டியின் படத்தைப் பார்த்து நகல் எடுத்தால், போர்க்களத்துக்கு நடுவே ஒரு தாத்தா பெட்டி உட்கார்ந்திருக்கும்.

பெட்டி எப்படிக் கையாளப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். இழுத்துப் போட்டதால் அடிவிளிம்பு தேய்ந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதால் மூடியில் கீறல் ஒரே திசையில் போகும். கைப்பிடியைச் சுற்றி விரல் பிசுக்கு படிந்திருக்கும். உட்பக்கம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். கலர் பவுடரை விட நிஜ மண் நன்றாக உட்காரும். சலித்த மண்ணை நீர்த்த ஃபெவிக்காலில் குழைத்து, அடியிலிருந்து நாலு விரல் உயரம் பூசி, பாதி காய்ந்ததும் துணியால் தட்டி எடுங்கள்.

பலகையைச் சாம்பல் நிறமாக்க வினிகரில் இரும்பு நார் ஊறவைத்த கரைசல் நல்ல வழி. பைனில் அது பிடிக்கவில்லை என்று குறைசொல்வார்கள். பைனில் துவர்ப்புச் சத்து குறைவு, அதனால்தான். முதலில் கெட்டியான டீ டிக்காஷனைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இந்தக் கரைசலைத் தடவுங்கள். கண்ணெதிரே கறுக்கும்.

குறை: கயிற்றுக் கைப்பிடி ஒட்டவில்லை

கயிற்றுப்பிடி உள்ள மாதிரி செய்பவர்களுக்கு மட்டும். பாலிபுரொப்பிலீன் கயிறு 1950-களின் சரக்கு, வேண்டாம். தேங்காய் நார்க் கயிறு சொரசொரவென்று நம்மூர்க் கிணற்றடியை ஞாபகப்படுத்தும், அதுவும் வேண்டாம். மணிலாக் கயிறு பொருந்தும். ஆனால் 1942-இல் பிலிப்பைன்ஸ் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவில் மணிலா நாருக்கே தட்டுப்பாடு வந்து, மாற்று நார்களைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே 1944 பெட்டியில் கற்றாழை நார்க் கயிறு தாராளமாக இருக்கலாம், விலையும் கம்மி.

குறை: தூக்கினால் காலி என்று தெரிகிறது

நடிப்புக் காட்சிகளில் இது பெரிய இம்சை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டியை ஒருவர் டிபன் கேரியர் மாதிரி ஆட்டிக்கொண்டு வருவார். ஒரு .30 தோட்டா சுமார் 27 கிராம். 1344 தோட்டா மட்டுமே 36 கிலோ, பெட்டியோடு ஏறக்குறைய 50. அவ்வளவு எடை வைக்கத் தேவையில்லை. கெட்டியான பையில் மணல் கட்டி, 12 கிலோ அளவுக்கு அடியில் ஆணியடித்த சட்டத்துக்குள் நகராமல் வைத்தால் நடை தானாக மாறிவிடும். அதற்குமேல் பொய்த்தளம் போட்டு ஒரே ஒரு அடுக்குத் துணிப்பட்டை வைத்தால் போதும், 28-ம் தைக்கவேண்டாம்.

குறை: பெட்டிக்கு அருகில் வைத்த அசல் பொருள் கெட்டுப்போகிறது

மூடிய கண்ணாடிப் பேழையில் புது மரப்பெட்டியையும் அசல் பதக்கம், பொத்தான், பெல்ட் கொக்கி போன்றவற்றையும் சேர்த்து வைத்தால் சில மாதங்களில் வினை தெரியும். ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் காரணம் மரத்திலிருந்து, முக்கியமாக எம்.டி.எஃப்.-பிலிருந்து, வரும் அசிட்டிக் அமில ஆவி. மேலே சொன்ன வினிகர் வேலையும் அதைக் கூட்டும். வெள்ளியோ பித்தளையோ கறுத்தால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள்: ரப்பர் வாஷர், கம்பளித் துணி. முதல் வேலையாக அசல் பொருளை வெளியே எடுங்கள். நகல் பெட்டி திறந்த மேடையிலும் அசல் தனிப் பேழையிலும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குறை: போகிற வழியில் போலீஸ் நிறுத்துகிறது

நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும். ஆங்கிலத்தில் வெடிமருந்து என்று எழுதிய பெட்டி டெம்போவில் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். காட்சி நடத்துபவரின் கடிதம், பெட்டிகளின் படம், எண்ணிக்கைப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறமும் 'காட்சி நகல், காலி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். போகும்போது எழுத்துள்ள பக்கத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். பஸ் ஸ்டாண்டிலோ ரயில் நிலையத்திலோ பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

உள்ளே வைப்பது மரத்திலோ ரெசினிலோ செய்த போலித் தோட்டாவாக மட்டும் இருக்கட்டும். உரிமம் இல்லாமல் உயிருள்ள தோட்டா ஒன்று கையில் இருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் குற்றம். "எங்க தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது" என்று யாராவது ஒரு குண்டை எடுத்து வந்து காட்சியில் வைக்கச் சொன்னால், கையில் வாங்காதீர்கள், அசைத்துப் பார்க்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுப் போலீஸுக்கு போன் செய்யுங்கள்.